கண்ணாடியை விட்டு அகலாத பிள்ளைக்கு வீட்டார் செய்ய வேண்டியது

மற்றவர் கண்ணில் படாத, பட்டாலும் யாரும் பொருட்படுத்தாத ஒரு குறையைத் தன் மூக்கிலோ தோலிலோ பெரிதாகக் கண்டு, தினமும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அதிலேயே பிள்ளை உழன்றால் அதை அழகுப் பைத்தியம் என்று ஏசாதீர்கள். அது நோயாக இருக்கலாம். இத்தாலிய மனநல வைத்தியர் என்ரிகோ மோர்செல்லி 1891இல் இதற்கு 'டிஸ்மோர்ஃபோபோபியா' என்று பெயர் வைத்தார். உருவக்கேடு, அச்சம் என்ற இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. 1987இல் அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூல் அதை 'பாடி டிஸ்மோர்ஃபிக் டிஸோர்டர்' என்று மாற்றியது. 2013இல், திரும்பத் திரும்பக் கை கழுவ வைக்கும் ஓசிடி என்ற மனநோயின் குடும்பத்தில் சேர்த்தது. வீட்டில் என்ன செய்வது என்பதற்கு இந்தக் கடைசி மாற்றமே வழிகாட்டி: கை கழுவுவதைப் போலவே, திரும்பத் திரும்பக் கேட்பதும் கண்ணாடி பார்ப்பதும் சற்று ஆறுதல் தந்து நோயை வளர்க்கும்.

"என்ட மூக்கு கோணலா?" என்று கேட்டால் "இல்லையம்மா, வடிவாத்தான் இருக்கு" என்போம். பத்து நிமிடம் ஆறுதல்; பிறகு அதே கேள்வி. ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்குத் தீனி. முதலில் பிள்ளையுடன் பேசி உடன்பாட்டுக்கு வாருங்கள். அதன்பின் "உனக்குக் கஷ்டமா இருக்கு, விளங்குது. மூக்கைப் பற்றி நான் பதில் சொல்ல மாட்டன், வா தேத்தண்ணி குடிப்பம்" என்பதோடு நிறுத்துங்கள். வீட்டில் எல்லாரும் இதையே சொல்ல வேண்டும். அம்மம்மா ஒருவர் இளகினாலும் கேள்வி அவரிடம் போய்விடும்.

கண்ணாடிகளைத் துணியால் மூடாதீர்கள், தவிர்ப்பதும் நோயை வளர்க்கும். கைக்கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு கை நீளம் தள்ளி நின்று, தலைவாரும் நேரம் மட்டும் முழு முகத்தையும் பார்க்கப் பழக்குங்கள். செல்ஃபியை ஆதாரமாக எடுக்க விடாதீர்கள்: 30 சென்ரிமீற்றரில் பிடித்த படத்தில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும்.

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வெள்ளையாக்கும் கிரீமுக்கும் அழகு சத்திரசிகிச்சைக்கும் காசு கட்டுமுன் மனநல வைத்தியரிடம் காட்டுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பின்னும் கவலை பெரும்பாலும் தீர்வதில்லை, வேறோர் உறுப்புக்குத் தாவுவதும் உண்டு. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் அங்கொடை தேசிய மனநல நிறுவகத்திலும் மனநலக் கிளினிக் இருக்கிறது. எத்தனை மணித்தியாலம் போகிறது, எந்த வகுப்புகளை விட்டார் என்று எழுதிக்கொண்டு போனால் வைத்தியருக்கு உதவும். சிகிச்சை இரண்டு: எண்ணத்தையும் பழக்கத்தையும் பேச்சாலும் பயிற்சியாலும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை. மாத்திரையின் பலன் தெரிய 12 வாரம் வரை ஆகும். மூன்றாம் வாரமே "வேலை செய்யேல்லை" என்று விடுவதால்தான் பலருக்குக் குணம் தள்ளிப் போகிறது.

சாவைப் பற்றிப் பிள்ளை கதைத்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசிக்கு அழையுங்கள், அல்லது அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.