ஏஐயிடம் கேட்கும் முன் இரண்டு வரி எழுதுங்கள்

சாட்ஜிபிடி போன்ற ஏஐயிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு முன், உங்களுக்குத் தோன்றும் பதிலை ஒரு தாளில் இரண்டு வரி எழுதி வையுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் கேளுங்கள். இரண்டும் வேறுபடும் இடத்தையும், அது தரும் பெயர், எண், தேதிகளையும் வேறு இடத்தில் சரிபாருங்கள். வரிக்கு வரி சரிபார்க்கும் நேரம் மிச்சம்.

இந்தக் கருவிகள் அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துத்தான் வாக்கியம் அமைக்கின்றன. அதனால் சரியானதையும் தவறானதையும் ஒரே உறுதியோடு சொல்லும். அதை முதலில் படித்துவிட்டால் நம் மனமும் அதையே பிடித்துக்கொள்ளும், சந்தேகமே எழாது. சொந்தமாக எழுதிய வரி பக்கத்தில் இருந்தால் முரண்பாடு சட்டென்று கண்ணில் படும். தானே யோசித்தது நினைவிலும் நிற்கும்.

"இது உண்மையா?" என்று அதே ஏஐயிடம் திரும்பக் கேட்பது மட்டும் வேண்டவே வேண்டாம். 2023-இல் நியூயார்க்கில் ஒரு வழக்கறிஞர், சாட்ஜிபிடி காட்டிய தீர்ப்பு உண்மைதானா என்று அதனிடமே கேட்டார். ஆம் என்றது. அவர் நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டிய வழக்குகளில் ஆறு, நடக்கவே நடக்காதவை. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

எழுத்துப்பிழை திருத்தவோ பட்டியலை அகர வரிசையில் அடுக்கவோ இதெல்லாம் தேவையில்லை. தவறு பார்த்தாலே தெரிந்துவிடும். மருந்தின் அளவு போன்ற விஷயங்களுக்கோ இந்த முறை போதாது. உங்கள் ஊகமும் ஏஐயின் பதிலும் ஒத்துப்போனாலும் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.