சின்னப் பிள்ளைகளோடு தீம் பார்க்: வன்னியில் இருந்து வெளிக்கிடுகிறவர்களுக்கு

ஆறு, ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தீம் பார்க் போகப் போகிறீர்கள் என்றால், வான் பேசுவதற்கு முதலே வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் இருந்து ஒரு முடிவு எடுத்துவிடுங்கள். எல்லாரிலும் சின்னப் பிள்ளை எப்போது களைக்கிறதோ அப்போது நாள் முடிந்தது. எத்தனை விளையாட்டு மிச்சம் இருந்தாலும் சரி, டிக்கெட்டுக்கு எவ்வளவு கொடுத்திருந்தாலும் சரி.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் வயதில் இருக்கிற வன்னிப் பெற்றோர் பலருக்குச் சின்ன வயது போர்க்காலத் தறப்பாள் கொட்டிலிலும் இடப்பெயர்விலும் போய்விட்டது. ராட்டினம் என்றால் கோயில் திருவிழாவில் கண்டதுதான். எங்களுக்குக் கிடைக்காதது பிள்ளைக்காவது கிடைக்கவேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும், அது நியாயமான ஆசைதான், ஆனால் அந்த ஆசை முழுவதையும் ஒரே நாளில் மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுகிறோம். போன ஓகஸ்டில் என் மகன் ஒரு சின்ன ரயிலைக் கண்டு பயந்து என் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். "காசு கட்டியாச்சு அப்பன், ஒருக்கா ஏறு" என்று நானே அவனைத் தூக்கி இருத்தினேன். அந்த ரயில் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் அவன் அழுத அழுகையை இப்போது நினைத்தாலும் நெஞ்சு சுடுகிறது. அதற்குப் பிறகு அன்றைக்கு அவன் எதிலும் ஏறவில்லை.

சரி, எங்கே போவது? தொட்டில் வயது தாண்டாத பிள்ளைகள் என்றால் கிட்டத்தில் உள்ள இடம்தான் நல்லது. இயக்கச்சியில் பண்ணையும் பொழுதுபோக்கிடமுமாக றீச்சா இருக்கிறது. ஏ9 வீதியில் ஆனையிறவு தாண்டியதும் வருகிற ஊர், மாங்குளத்தில் இருந்து ஒரு மணித்தியாலம் அளவில் போய்விடலாம். முல்லைத்தீவுப் பக்கத்தார் புதுக்குடியிருப்பு, தர்மபுரம் வழியாகப் பரந்தனுக்கு ஏறலாம், மன்னார்ப் பக்கத்தார் பூநகரி வழியாக வரலாம். பெரிய தண்ணீர்ச் சறுக்குகளும் அலைத் தடாகமும் வேண்டும் என்றால் கொழும்பு தாண்டி ஹங்வெல்லப் பக்கம் லெஷர் வேர்ல்ட் மாதிரியான இடங்களுக்குப் போகவேண்டும், அது போக மட்டும் மாங்குளத்தில் இருந்து 300 கிலோமீற்றர் அளவில். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் ஒரே நாளில் போய் வர நினைக்கவே வேண்டாம், கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் முதல் நாள் இரவு தங்கி, நித்திரை கொண்டு எழும்பிய பிள்ளையோடு போங்கள். எந்த இடமானாலும் முதல் நாள் போன் எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள்: நாளைக்கு எந்தெந்த விளையாட்டு ஓடுகிறது, எத்தனை வயதுக்கு டிக்கெட், வீட்டுச் சாப்பாடு உள்ளே விடுவீர்களா.

நாளைத் தெரிவு செய்வதிலும் கவனம் வேண்டும். பள்ளிக்கூட விடுமுறையில் வருகிற போயா நாளும் ஞாயிறும் சனம் அள்ளுப்படும். ஓகஸ்டில் வெயிலும் சோழகமும் சேர்ந்து அடிக்கும், புழுதி பிள்ளையின் கண்ணுக்குள் போகும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. நேசரி வயதுப் பிள்ளைகள் மட்டும் என்றால் மாசி மாதத்தில் ஒரு கிழமை நாளில் போங்கள், மழை விட்டிருக்கும், காலையில் குளிர்ச்சியும் இருக்கும். எந்த மாதம் என்றாலும் வாசல் திறக்கிற நேரத்துக்கு நிற்கப் பாருங்கள். பத்து மணியில் இருந்து மூன்று, நாலு மணி மட்டும் வெயில் கடுமை, அதற்கு முதல் கிடைக்கிற நேரம்தான் பிள்ளைக்கு உண்மையான விளையாட்டு நேரம்.

முதல் நாள் செய்யவேண்டிய வேலை ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிள்ளையைக் கதவு நிலையோடு நிறுத்தி உயரத்தை அளந்து பென்சிலால் கோடு போடுங்கள். பெரிய விளையாட்டுகளுக்கு முன்னால் இவ்வளவு உயரம் வேண்டும் என்று பலகை இருக்கும், அதற்குக் கீழே என்றால் ஏற்றமாட்டார்கள், ஏற்றச் சொல்லிக் கெஞ்சவும் கூடாது, ஏனென்றால் அந்தப் பட்டியும் கம்பியும் அந்த உடம்பைப் பிடித்து வைக்காது. என் மகள் 104 சென்ரிமீற்றர். "பம்பர் கார் உனக்கு இப்ப இல்லை, நீ இந்தக் கோட்டுக்கு வளந்த பிறகு" என்று கதவு நிலையில் மேலே இன்னொரு கோடு போட்டுக் காட்டினேன். அங்கே போய்ப் பலகையைக் கண்டதும் அவளே "நான் இன்னும் வளரேல்லை" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் போனாள். வீட்டில் சொல்லாமல் அங்கே போய்ச் சொன்னால் நிலத்தில் உருண்டு அழுவார்கள், அழாமல் என்ன செய்வார்கள்?

பை இரண்டு கட்டுங்கள். ஒன்று தோளில் எப்போதும் இருப்பது: தண்ணீர்ப் போத்தல், ஜீவனிப் பக்கெற் (உடம்பில் நீர் குறைந்தால் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள்) இரண்டு, தொப்பி, ஈரத் துணி, பிள்ளை குடிக்கிற மருந்து ஏதும் இருந்தால் அது, பம்பர்ஸ். மற்றது வானுக்குள் கிடப்பது: ஆளுக்கு இரண்டு மாற்றுடுப்பு, துவாய், ஒரு படங்குத் துண்டு, ஈர உடுப்புப் போடச் சொப்பின் பைகள். புதுச் சப்பாத்துப் போட்டுக் கூட்டிப் போகவேண்டாம். குதிக்கால் உரஞ்சிப் பத்து மணிக்கே தூக்கச் சொல்லும். பழகிய செருப்பு, பின்பட்டி உள்ளதாக இருந்தால் நல்லது.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. இடியப்பமும் தேங்காய்ப்பூச் சம்பலும் கட்டிக்கொண்டு போவது எங்கள் பழக்கம், ஆனால் வெயிலில் நிற்கிற வானுக்குள் அந்தச் சம்பல் மத்தியானத்துக்குள் புளித்துவிடும், சொதியும் அப்படித்தான். காலையில் வீட்டிலேயே பிட்டும் வாழைப்பழமும் வயிறு நிறையக் கொடுத்துவிட்டு, மத்தியானத்துக்குப் புளிச்சாதம், பணிஸ், பிஸ்கற், கதலி வாழைப்பழம் என்று கெட்டுப்போகாததைக் கொண்டுபோங்கள். உள்ளே விடாத இடம் என்றால் வெளியே வந்து மர நிழலில் படங்கை விரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகலாம், திரும்ப உள்ளே விடுவார்களா என்று மட்டும் வெளியே வர முதலே வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாங்குளப் பக்கத்தில் இருந்து ஏ9 வீதியால் வந்தால், வழியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் எந்த வான்காரரும் போகமாட்டார். அந்த நிறுத்தத்தைப் பிள்ளைகளுக்காகப் பயன்படுத்துங்கள். தேங்காய் உடைத்துக் கும்பிட்டு, பாத்றூம் கூட்டிப்போய், கால் நீட்டி ஓட விட்டு ஏற்றுங்கள். கச்சானைப் பெரியவர்கள் சாப்பிடலாம், ஐந்து வயதுக்குக் கீழே உள்ளதுக்கு முழுக் கொட்டை கொடுக்கவேண்டாம், அதுவும் ஓடுகிற வானுக்குள் கொடுக்கவே கூடாது, புரைக்கேறினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். அவசரம் என்று பிள்ளை கேட்டால் ஆனையிறவு, பளை, முகமாலைப் பக்கங்களில் கண்ட பற்றைக்குள் இறக்கவேண்டாம். சிவப்புப் பலகையும் நாடாவும் கண்டால் அது மிதிவெடி உள்ள இடம், பலகை இல்லாத இடத்திலும் தார் றோட்டு ஓரத்தை விட்டு உள்ளே போகாதீர்கள். கடை ஒன்றில் கேட்டால் பிள்ளைக்கு இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

வாசலில் போய் இறங்கியதும், ஓட விடுவதற்கு முதல், பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி முழு உருவமும் தெரிய ஒரு படம் எடுங்கள். தவறினால் அன்றைக்கு என்ன நிற உடுப்பு என்று பதற்றத்தில் ஞாபகம் வராது, படத்தைக் காட்டினால் போதும். உங்கள் போன் நம்பரை முழங்கைக்குக் கீழே பேனையால் எழுதிவிடுங்கள். பெயரை வெளியே தெரிய எழுதவேண்டாம். அப்புறம் சீருடை போட்ட ஊழியர் ஒருவரைக் காட்டி, "அம்மாவைக் காணேல்லையெண்டா ஓடாத, அழுதாலும் பரவாயில்லை, நிண்ட இடத்தில நில், இந்தச் சட்டை போட்டவையிட்ட கையைக் காட்டு" என்று சொல்லிக்கொடுங்கள். தெற்குப் பக்கம் போனால் இது இன்னும் முக்கியம். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளை என்ன சொல்கிறது என்று அங்கே இருப்பவருக்கு விளங்காமல் போகலாம், கையில் இருக்கிற இலக்கம் எல்லாருக்கும் விளங்கும்.

விளையாட்டில் ஏற்றும்போது முதலில் ஒரு சுற்றுப் பார்க்க விடுங்கள். பக்கத்தில் நின்று, மற்றப் பிள்ளைகள் ஏறி இறங்குவதைப் பார்த்து, தானாகக் கையை நீட்டினால் ஏற்றுங்கள், இல்லையென்றால் விடுங்கள். ஒன்றிலேயே பத்துத் தரம் ஏற ஆசைப்பட்டால் பத்துத் தரமும் ஏறட்டும். அம்மாமார் ஏறும்போது தோளில் போட்டிருக்கிற ஷோலைக் கழற்றிப் பையில் வையுங்கள், பின்னலைச் சுற்றிக் கட்டுங்கள். சில்லு ஓடுகிற எதிலும் தொங்குகிற துணியும் தலைமயிரும் உயிரை எடுக்கக்கூடியவை. வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள் குலுக்குகிற, சுழற்றுகிற எதிலும் ஏறவே கூடாது.

இனித் தண்ணீர். இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். எங்கள் பிள்ளைகள் குளத்திலும் வாய்க்காலிலும் குளித்துப் பழகியவர்கள், அதனால் தண்ணீர் பயமில்லை என்று நாங்களும் அசண்டையாக இருந்துவிடுகிறோம். ஆனால் நாங்கள் குளிக்கிற குளக்கரை பெரும்பாலும் மெல்ல மெல்லத்தான் ஆழமாகும், நீச்சல் தடாகத்தில் ஒரு எட்டு வைத்ததும் கால் எட்டாமல் போகிற இடங்கள் உண்டு, மாபிள் வழுக்கும், தண்ணீர் தெளிவாக இருப்பதால் ஆழம் குறைவுபோலத் தெரியும். தண்ணீருக்குள் தாழ்கிற சின்னப் பிள்ளை கத்தாது, கையை அடித்துக் கூப்பிடாது, சத்தமே இல்லாமல் போய்விடும். ஆகவே ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே நிற்கவேண்டும். கரையில் கதிரையில் இருந்து பார்ப்பது பார்ப்பது ஆகாது. "எல்லாரும் பாக்கினம்தானே" என்று நினைக்கிற நேரத்தில்தான் ஒருவரும் பார்க்காமல் விடுகிறோம், அதனால் ஆள் மாறும்போது வாயால் சொல்லி மாறுங்கள்: "இப்ப நீங்க பாருங்கோ, நான் போறன்", "சரி, நான் பாக்கிறன்" என்று பதில் வந்த பிறகு போங்கள். பார்ப்பவர் கையில் போன் இருக்கக் கூடாது, குடித்திருக்கவும் கூடாது. காற்றடிக்கிற கைப்பட்டியும் ரியூப்பும் விளையாட்டுச் சாமான்கள், கவிழ்ந்தால் பிள்ளையைக் காப்பாற்றாது. அளவான லைவ் ஜக்கெற் கேளுங்கள், இருந்தால் போடுங்கள், போட்டாலும் பக்கத்தில் நில்லுங்கள். இடி கேட்டால் உடனே எல்லாரும் வெளியே. இருபது நிமிடம் விளையாடினால் ஒரு தரம் ஏற்றித் துவாயால் சுற்றி நிழலில் வைத்துத் தண்ணீர் கொடுங்கள், தண்ணீருக்குள் நிற்கிற பிள்ளைக்கும் வெயில் பிடிக்கும், தாகம் எடுப்பதுதான் தெரியாது.

முகம் சிவந்து, கண் சோர்ந்து, சலம் போவது குறைந்து, விளையாடாமல் மடியில் சாய்ந்தால் அது பிடிவாதம் இல்லை, வெக்கை. நிழலுக்குக் கொண்டுபோய் உடுப்பைத் தளர்த்தி, ஈரத் துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்து, கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றருக்கு ஒரு ஜீவனிப் பக்கெற் கரைத்து மிடறு மிடறாகக் கொடுங்கள். பிள்ளை சோர்ந்து பதில் சொல்லாமல் போனால் அல்லது வலிப்பு வந்தால் காத்திருக்காமல் 1990 அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நித்திரை கொள்ளுகிறது என்று ஒரு பிள்ளையை வானுக்குள் விட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம்கூட வெளியே போகக் கூடாது, பூட்டிய வாகனத்துக்குள் பத்து நிமிடத்தில் 10 பாகை அளவுக்குச் சூடு ஏறிவிடும்.

குடும்பத்தில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ செயற்கைக் கால் இருந்தால், போருக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அப்படிப் பல குடும்பங்கள் உண்டு, அவர் "நான் வரேல்லை, நீங்கள் போட்டு வாங்கோ" என்றுதான் சொல்வார். விடாதீர்கள். நடக்கிற தூரம், படி, நிழலில் இருக்கை எல்லாம் முதல் நாள் போனிலேயே கேளுங்கள். காலுக்குள் தண்ணீரும் மணலும் போகாமல் இருக்கத் தடாகத்துக்குக் கொஞ்சம் தள்ளி இடம் பிடியுங்கள், ஆனால் பிள்ளைகள் ஓடிவந்து காட்டுகிற தூரத்தில். என் மகள் சறுக்கில் இருந்து இறங்கிய ஒவ்வொரு தரமும் முதலில் ஓடினது தன் மாமாவிடம்தான். அவர் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு இருந்தார், பதினேழு வரைக்கும்.

பின்னேரம் இரண்டு மணிக்கு, எல்லாரும் சிரித்துக்கொண்டு இருக்கும்போதே வெளிக்கிடுங்கள். "இன்னும் ரெண்டு தரம், பிறகு வீடு" என்று சொல்லி, அந்த இரண்டு தரத்தையும் உண்மையாகக் கொடுத்துவிட்டுக் கிளம்பவேண்டும். பொம்மைக் கடை வாசலோடு இருக்கும், ஆளுக்கு இவ்வளவு காசு என்று காலையிலேயே சொல்லியிருந்தால் அங்கே இழுபறி வராது. இருட்டினால் ஏ9 வீதியில் மாடுகள் படுத்திருக்கும், வெளிச்சத்தோடு வீடு போய்ச் சேர்வது எல்லாருக்கும் நல்லது. ஈர உடுப்பை வானுக்கு ஏற முதலே மாற்றிவிடுங்கள். அடுத்த நாள் நேசரிக்கு அனுப்பாமல் நித்திரை கொள்ள விடுங்கள், காது நோகிறது என்று சொன்னால் கை வைத்துக் குடையாமல் டொக்டரிடம் காட்டுங்கள். முறிகண்டியைத் தாண்டி வீடு போகிறவர்கள் என்றால், வராமல் நின்ற அம்மம்மாவுக்கு ஒரு பை கச்சான் வாங்குங்கள், பிள்ளைகள் அதைக் கொடுத்துவிட்டுத்தான் கதை சொல்லத் தொடங்குவார்கள்.