கோலாலம்பூரிலிருந்து பினாங்கிற்கு மூன்று நாள் மிதிவண்டிப் பயணம்

ஈப்போ வழியாக ஏறத்தாழ 350 கிலோமீட்டரை மூன்று நாளில் கடக்க விரும்புவோர், ஒரே நாளில் 120 கிலோமீட்டர் மிதிப்பதைவிட, சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து 80 கிலோமீட்டர் ஓட்டிப் பழகுவது நல்லது. களைத்த கால்களோடு மறுநாள் இருக்கையில் அமரும்போதுதான் உடலின் உண்மை நிலை தெரியும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லாததால், பழைய கூட்டரசுச் சாலையிலேயே செல்ல வேண்டும். விடியுமுன் விளக்குடன் புறப்பட்டு, பிற்பகல் இடிமழைக்கு முன்பே பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். வெறும் தண்ணீர் போதாது, உப்பும் வேண்டும். நனைந்த சங்கிலியை அன்றிரவே பழந்துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விட்டு, டயரை மெல்லச் சுழற்றி, குத்தியிருக்கும் கண்ணாடித் துணுக்குகளை எடுத்துவிடுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். பினாங்குப் பாலத்தில் மிதிவண்டி செல்ல முடியாது. பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுனில் இறங்குங்கள்.