கெண்டைக்காலையும் குதிகால் தசைநாணையும் எஃகுக் கருவியால் தேய்ப்பது எப்படி

காயம் ஆறி, வீக்கமும் வடிந்துவிட்ட பிறகும், காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் பத்து அடிகளில் குதிகாலுக்குச் சற்று மேலே முறுக்கிய கயிறுபோல ஓர் இறுக்கம் பலருக்கு மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. விளிம்பு மழுங்கிய எஃகுக் கருவியால் தசையையும், அதை எலும்போடு இணைக்கும் தசைநாணையும் தேய்த்துத் தளர்த்தும் சிகிச்சை பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் பயன்படுகிறது. தோலை ஒரு கருவியால் சுரண்டித் தேய்க்கும் வழக்கம் சீன மருத்துவத்தில் குவா ஷா என்ற பெயரில் நெடுங்காலமாக உள்ளது. பிசியோதெரபி நிலையங்களில் இன்று காணப்படும் எஃகுக் கருவிகள், நீர்ச்சறுக்கில் முழங்காலில் அடிபட்ட டேவிட் கிராஸ்டன் என்ற அமெரிக்கரின் முயற்சிக்குப் பிறகு, 1990களில் பரவத் தொடங்கியவை.

இந்தச் சிகிச்சை தழும்புத் திசுவை "உடைத்துவிடுகிறது" என்று சொல்லப்படுவதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. உறுதியான இணைப்புத் திசுவின் வடிவத்தை மாற்றுவதற்குக் கையால் கொடுக்கக்கூடிய அழுத்தத்தைவிடப் பல மடங்கு விசை தேவைப்படும். தேய்த்தவுடன் மூட்டு கூடுதலாக மடங்குவதற்கும் வலி குறைவதற்கும், நரம்பு மண்டலம் சிறிது நேரம் தன் காவலைத் தளர்த்திக்கொள்வதே முதன்மையான காரணம் என்று கருத இடமுண்டு. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், கருவியால் தேய்க்கப்பட்ட எலிகளின் முழங்கால் தசைநார் (எலும்பை எலும்போடு இணைக்கும் நார்) 4 வாரங்களில் தேய்க்கப்படாத காலின் தசைநாரைவிடத் தெளிவாகவே வலுவாக இருந்தது. ஆனால் 12 வாரங்களில் அந்த வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிட்டது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. எனவே தேய்ப்பதால் கிடைக்கும் தளர்வை அடுத்துச் செய்யும் பயிற்சிக்கான ஒரு சந்தர்ப்பமாகக் கொள்வதே என் முறை; பயிற்சி இல்லாத தேய்ப்புக்கு நேரம் ஒதுக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

கருவியை எடுப்பதற்கு முன் உறுதி செய்துகொள்ள வேண்டியவை சில உள்ளன. அடிபட்ட முதல் மூன்று நாட்களிலும், சூடும் வீக்கமும் இருக்கும்வரையிலும் அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. ஓடும்போதோ குதிக்கும்போதோ பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் உணர்ந்து, அதன்பிறகு நுனிக்காலில் எழும்ப முடியாமல் போனால், தசைநாண் அறுந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எந்த அடியும் படாமல் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், அது ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்ததற்கான அறிகுறியாக இருக்கலாம் என்பதால், அந்தக் காலைத் தேய்ப்பது ஆபத்தானது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், ஆறாத புண், எலும்பு முறிவு, தோல் தொற்று, புற்றுநோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் ஆகியவை உள்ளவர்களும், நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

கருவியைப் பொறுத்தவரை, பிசிறில்லாத விளிம்புள்ள எவர்சில்வர் கருவியே போதும். பிளாஸ்டிக்கைவிட எஃகு நல்லது என்று சொல்வதற்குக் காரணம், திசுவிலுள்ள சொரசொரப்பை அது அதிர்வாக விரல்களுக்குக் கொண்டுவருவதுதான். உட்குழிந்த விளிம்பு காலின் வளைவோடு பொருந்தி அழுத்தத்தைப் பரப்பும். வெளிவளைந்த விளிம்பு அழுத்தத்தை ஒரே இடத்தில் குவிக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் உட்குழிந்த பக்கத்தையே பயன்படுத்துவது நல்லது. ஒவ்வொரு முறையும் கருவியைச் சோப்பு நீரில் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து வைக்க வேண்டும்.

தேய்க்கத் தொடங்குவதற்கு முன் ஓர் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல், முழங்காலால் சுவரைத் தொட முயல வேண்டும். கால் பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையே, முழங்கால் சுவரைத் தொட்டபடியே அதிகபட்சம் எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி விட முடிகிறது என்பதை இரண்டு கால்களுக்கும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். இந்த எண் இல்லாவிட்டால், சிகிச்சை பலன் தருகிறதா அல்லது பழகிப்போய் அப்படித் தோன்றுகிறதா என்பதைப் பிரித்தறிவது கடினம்.

ஐந்து நிமிடங்கள் வேகமாக நடந்து காலைச் சூடுபடுத்திக்கொண்ட பிறகு, தரையில் அமர்ந்து முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றிக்கொண்டால் கெண்டைத் தசை தளர்ந்து தொங்கும். கருவி வழுக்கிச் செல்லும் அளவுக்கு மெல்லிய பூச்சாக எண்ணெயோ களிம்போ தடவ வேண்டும். அதிகமானால் கருவி நழுவும், விரல்களுக்கு எதுவும் தெரியாது. கருவியைத் தோலோடு 30 முதல் 60 பாகை சாய்வில் பிடிக்க வேண்டும். சாய்வு குறையக் குறைய உணர்வு மென்மையாகும்.

முதல் சுற்றில் அழுத்தமே வேண்டாம். கெண்டைத் தசையின் நடுப்பகுதியிலிருந்து குதிகாலை நோக்கி மெதுவாக இழுத்துச் செல்லும்போது, வழவழப்பாக ஓடிக்கொண்டிருக்கும் கருவி ஓரிடத்தில் ஈர மணலின் மேல் கரண்டியை இழுத்ததுபோல் நறநறக்கும். பெரும்பாலும் தசை முடிந்து தசைநாண் தொடங்கும் இடத்தில் இது தட்டுப்படும். ஆனால் நறநறப்பு இருக்கும் இடமெல்லாம் நோயுள்ள இடம் என்று பொருளில்லை. வலியே இல்லாத காலிலும் அதை உணரலாம். நறநறப்பும் வலியும் சேர்ந்திருக்கும் இடத்தை மட்டும் கவனித்தால் போதும். அங்கே நான்கைந்து விரற்கடை நீளத்துக்கு மேலும் கீழுமாக, 30 முதல் 60 விநாடிகள் தேய்க்க வேண்டும். கெண்டைக்கால் முழுவதற்கும் சேர்த்து ஐந்து நிமிடங்களைத் தாண்ட வேண்டியதில்லை. வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பிட்டால், நான்கைத் தாண்டும் வலியைப் பொறுத்துக்கொள்வதில் எந்தப் பயனும் இல்லை. தோல் இளஞ்சிவப்பாவது இயல்பு. சிவப்புப் புள்ளிகள் தோன்றத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஒருமுறை என் காலிலேயே நான் அளவு மீறித் தேய்த்து, கன்றிப்போன இடம் தொட முடியாமல் வலித்ததால், ஒரு வாரம் பயிற்சியையே தவறவிட்டேன்.

முழங்காலின் பின்குழி, முழங்காலுக்கு வெளிப்புறம் சற்றுக் கீழே முண்டாகத் தெரியும் எலும்பின் சுற்றுப்புறம், கணைக்காலின் முன்பக்க எலும்பின் விளிம்பு ஆகிய இடங்களில் கருவி படக் கூடாது. முதலிரண்டு இடங்களிலும் நரம்புகள் தோலுக்கு அருகிலேயே செல்கின்றன. பின்குழியில் பெரிய ரத்தக்குழாய்களும் உள்ளன.

தேய்த்து முடித்தவுடன் அளவை மீண்டும் எடுத்துவிட்டு, உடனே பயிற்சிக்குச் செல்ல வேண்டும். 1998இல் சுவீடனின் ஹோகன் ஆல்ஃபிரட்சனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட பயிற்சி முறை இன்றும் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, நல்ல காலின் துணையோடு எழும்பி, வலியுள்ள காலில் மட்டும் உடல் எடையைத் தாங்கிக் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நேராக வைத்து 15 முறை வீதம் மூன்று சுற்றுகள், சற்று மடக்கி வைத்து மேலும் மூன்று சுற்றுகள், நாளுக்கு இரண்டு வேளை, 12 வாரங்கள் என்பது அதன் அளவு. நாளொன்றுக்கு 180 முறை என்பது தொடக்கத்தில் பலருக்கு முடியாத காரியம். இரண்டு கால்களாலும் இறக்கத் தொடங்கி, வலி அனுமதிக்கும் வேகத்தில் கூட்டிக்கொள்ளலாம். வலி தசைநாணின் நடுவில் இல்லாமல், குதிகால் எலும்போடு அது ஒட்டும் இடத்தில் இருந்தால், அந்த இடத்தைத் தேய்க்காமல், பயிற்சியையும் படிக்கட்டில் அல்லாமல் சமதரையில் செய்ய வேண்டும்.

பயிற்சி நாள்தோறும் நடக்கலாம். தேய்ப்பது வாரத்துக்கு இருமுறை போதும், ஒருமுறை தேய்த்ததற்கும் அடுத்த முறை தேய்ப்பதற்கும் இடையே குறைந்தது 48 மணி நேரம் இருக்க வேண்டும். மறுநாள் காலை முதல் அடிகளில் இறுக்கம் முன்பைவிடக் கூடியிருந்தால், அடுத்த முறை அழுத்தத்தையும் நேரத்தையும் பாதியாகக் குறைக்க வேண்டும். நான்கு வாரங்களுக்குப் பிறகும் குறிப்பேட்டிலுள்ள சென்டிமீட்டர் கணக்கும் காலை வலியும் அசையாமல் நின்றால், கருவியை எடுத்து வைத்துவிட்டுப் பிசியோதெரபிஸ்டிடம் காலை நேரில் காட்டுங்கள்; அந்தக் குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள்.