ஆப் எழுத்தை மங்கலாக்கும் கான்ட்ராஸ்ட் தவறுகள்

வெள்ளைத் திரையில் இளஞ்சாம்பல் எழுத்து, டிசைனரின் பெரிய மானிட்டரில் நன்றாகத்தான் இருக்கும். பிரைட்னஸைக் குறைத்த போனில், வெயிலில் பார்த்தால் அந்த வரியையே தேட வேண்டியிருக்கும். எல்லோரும் படிக்க, பயன்படுத்த ஏற்றதாகத் திரை இருக்க வேண்டும் என்பதற்கான சர்வதேச வழிகாட்டி டபிள்யூசிஏஜி. அதன் ஏஏ என்ற நடுநிலைப்படி, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வேறுபாட்டின் விகிதம், குறைந்தது 4.5:1 வேண்டும். 24 பிக்சலும் அதற்கு மேலும் உள்ள எழுத்துக்கும், சுமார் 18.7 பிக்சலுக்குக் குறையாத போல்டுக்கும் 3:1 போதும்.

அதிகம் நடக்கும் தவறு, ஒரு நிறத்தை ஒருமுறை சோதித்துவிட்டு "இந்தச் சாம்பல் பாஸ்" என்று எல்லா இடத்திலும் போடுவது. வெள்ளையின் மேல் #767676 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பலை வைத்தால் 4.54 வரும். அதையே 245, 245, 245 (சிவப்பு, பச்சை, நீல அளவுகள்) என்ற வெளிர் நிறக் கட்டத்தின் மேல் வைத்தால் 4.17, ஃபெயில். சற்றே வெளிர்ந்த #777777 வெள்ளையிலேயே 4.48தான். அதை 4.5 என்று ரவுண்ட் செய்ய விதியில் இடமில்லை.

டார்க் மோடிலும் இதே சிக்கல்தான். 25, 118, 210 என்ற நீலம் வெள்ளையில் 4.6 தரும், பின்னணி #121212 என்ற கருஞ்சாம்பல் ஆனதும் 4.07க்கு இறங்கிவிடும். டார்க் தீமுக்கென்று 144, 202, 249 மாதிரி வெளிர் நீலம் தனியாக வையுங்கள், 10ஐத் தாண்டும்.

"பிராண்ட் நிறம், மாற்ற முடியாது" என்பார்கள். மாற்ற வேண்டாம், அதன் மேல் வரும் எழுத்தின் நிறத்தை மாற்றுங்கள். 255, 152, 0 ஆரஞ்சு பட்டனில் வெள்ளை எழுத்துக்கு 2.2கூட வராது, கறுப்புக்கு 9.7.

ஒபாசிட்டி (ஒளிபுகாத் தன்மை) குறைத்துப் போட்ட எழுத்தை, பின்னணியோடு கலந்த பிறகு வரும் நிறத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். வெள்ளையில் 38% கறுப்பு பிளேஸ்ஹோல்டர் (காலிப் பெட்டியில் தெரியும் குறிப்பு எழுத்து) 2.7தான். பிளேஸ்ஹோல்டருக்கு விலக்கும் கிடையாது. அழுத்த முடியாதபடி முடக்கிய பட்டன், லோகோ போன்ற சிலவற்றுக்கே விலக்கு. போட்டோவின் மேல் வெள்ளை எழுத்து வைப்பவர்கள் இருட்டான படத்தில் சோதித்து ஏமாறுகிறார்கள். பயனர் வெள்ளைச் சுவர் படத்தை ஏற்றினால்? இடையில் 40% கறுப்புப் படலம் என்றால் 2.85தான் மிஞ்சும். 60% போட்டால் மோசமான படத்திலும் 5.7 நிற்கும்.

தமிழ் ஆப்களில் இன்னொன்று சேரும்: மெல்லிய கோடுள்ள லைட் ஃபான்ட். கோடு மெலிந்தால், திரை எழுத்தின் விளிம்பை மழமழப்பாக்கும்போது எழுத்தின் நிறம் பின்னணியோடு கலந்துவிடும். கணக்கில் 4.6 இருந்தாலும் கண்ணுக்கு அவ்வளவு தெரியாது. 12 எஸ்பியில் (ஆண்ட்ராய்டின் எழுத்து அளவு அலகு) முதலில் போவது புள்ளி. 'கண்', 'கண' ஆகிவிடும். சிறிய எழுத்துக்கு ரெகுலர் அல்லது மீடியம் எடையும் 7:1ஐ ஒட்டிய கான்ட்ராஸ்ட்டும் வையுங்கள்.

கான்ட்ராஸ்டை அளக்க, ஸ்கிரீன்ஷாட்டில் ஐட்ராப்பரால் (நிறம் எடுக்கும் கருவி) எழுத்து நிறத்தை எடுக்காதீர்கள். கலந்துபோன விளிம்பு பிக்சலில் பட்டால் எண் தப்பாக வரும். ஆப்பின் நிரலில் உள்ள நிற மதிப்பையே போடுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுளின் ஆக்சஸிபிலிட்டி ஸ்கேனர், ஐபோனுக்கு ஆப்பிளின் ஆப் உருவாக்கும் மென்பொருளான எக்ஸ்கோடின் ஆக்சஸிபிலிட்டி இன்ஸ்பெக்டர் என்ற சோதனைக் கருவிகள் இருக்கின்றன. இரண்டும் அந்த நேரத்தில் திறந்திருக்கும் திரையைத்தான் பார்க்கும். எர்ரர் செய்தி, காலிப் பட்டியல், டார்க் மோட் ஒவ்வொன்றையும் நீங்கள்தான் வரவழைத்து ஸ்கேன் செய்ய வேண்டும்.