திமிங்கல வேட்டையைச் சொற்போர்த் தலைப்பாக்குவது எப்படி?

பினாங்கு இடைநிலைப்பள்ளி ஒன்றின் தமிழ்மொழிக் கழகத்தில் திமிங்கல வேட்டையைச் சொற்போருக்கு எடுக்க விரும்பும் ஆசிரியர், முதலில் தலைப்பைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். "திமிங்கல வேட்டை தேவையா?" என்று பொதுவாக விட்டுவிட்டால், ஓர் அணி 2019இல் அனைத்துலகத் திமிங்கல வேட்டை ஆணையத்திலிருந்து விலகிய ஜப்பானைத் தாக்கும், மற்றோர் அணி அலாஸ்காவின் இனுப்பியாட் பழங்குடி மக்களைக் காக்கும், இரண்டும் எதிரெதிரே சந்திக்கவே மாட்டா. ஆணையம் 1982இல் முடிவுசெய்த தடை வணிக வேட்டைக்கு உரியது என்பதையும், பழங்குடியினர் உணவுக்காக நடத்தும் வேட்டைக்குத் தனி ஒதுக்கீடு உண்டு என்பதையும் இரு அணிகளுக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

புதிய பேச்சாளர்களுக்கு நான் பரிந்துரைப்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து மக்கா என்னும் பழங்குடி மக்களை. அவர்களுடைய வேட்டை உரிமை அமெரிக்க அரசுடனான 1855ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டுள்ளது. வணிக வேட்டையால் சாம்பல் திமிங்கலங்கள் அருகியதால் 1920களில் அவர்கள் வேட்டையை நிறுத்திக்கொண்டனர். மீண்டும் 1999இல் ஒன்றைப் பிடித்தபோது கடலிலும் கரையிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. எழுபது ஆண்டு இடைவெளிக்குப் பின்னும் மரபு மரபுதானா என்று ஓர் அணியும், இனத்தை அருகச் செய்தவர் வேறு, தடுக்கப்படுபவர் வேறா என்று மற்றோர் அணியும் கேட்கலாம்.

எதிர்க்கும் அணியைத் தயார்செய்வதே கடினமான வேலை. மாணவர்கள் உடனே "இனம் அழிந்துவிடும்" என்ற வாதத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அலாஸ்காவில் போஹெட் என்னும் வகைத் திமிங்கலங்கள் மிகக் குறைவு என்று கருதி 1977இல் ஆணையம் பழங்குடியினர் வேட்டையையும் தடுத்தது. அவை பனிக்கட்டிக்கு அடியிலும் செல்வதால் எண்ணுவோர் கண்ணில் படுவதில்லை என்று வேட்டைக்காரர்கள் வாதிட்டனர். நீருக்கடியில் ஒலி கேட்டு எண்ணிய பின்னர் அவர்கள் கூற்றே மெய்யானது. ஆகவே எண்ணிக்கையை மட்டும் நம்பிய அணி, எண்ணிக்கை உயர்ந்ததும் பேச்சிழந்துவிடும். ஒவ்வொரு விலங்கின் வலிக்கும் உயிருக்கும் மதிப்புண்டு என்ற விலங்குரிமை வாதத்தை நேராக எடுத்துவைக்கப் பழக்குங்கள்; அதற்குப் பதில் சொல்வது எளிதன்று.

ஜல்லிக்கட்டை யாராவது இழுக்கத்தான் செய்வார்கள், நம் அவை அப்படி. அங்கே காளை உணவுக்காகக் கொல்லப்படுவதில்லை என்பதை நடுவர் நினைவூட்டி, மறுப்புரைச் சுற்றில் மட்டும் அதை அனுமதிக்கலாம்.

படங்களுக்கு இடமளிக்காதீர்கள். பாரோ தீவுகளில் திமிங்கல வேட்டையின் குருதியால் சிவந்த கடலைத் திரையில் காட்டினால் வாதம் தொடங்கும் முன்பே அவை முடிவெடுத்துவிடும். பழங்குடியினரின் விழாக் காட்சிக்கும் இதே விதி பொருந்தும்.