தகடு மெலிசுதானே என்று டிபி 980-ஐ வெட்டாதீர்கள்

காரின் எடையைக் குறைக்க, 2 மி.மீ. மைல்டு ஸ்டீல் இருந்த இடத்தில் 1.4 மி.மீ. டிபி 980 (டூயல் ஃபேஸ் என்னும் உயர்வலிமை ஸ்டீல்) வருகிறது. தகடு மெலிந்துவிட்டதே, பழைய பிரஸ்ஸே போதும் என்று நினைப்பதில்தான் தப்பு தொடங்குகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மைல்டு ஸ்டீலில் 20 மி.மீ. துளை போட ஏறக்குறைய 3 டன் போதும். இதற்கு, மெலிந்த பிறகும், 5 டன்னுக்கு மேல். இழுவலிமையே 980 மெகாபாஸ்கல் அல்லவா?

அழுத்தம்கூடப் பரவாயில்லை, தகடு பட்டென்று உடையும் அந்தக் கணம்தான் மோசம். விறைத்து நின்ற பிரஸ் பிரேம் ஒரே உதறலில் திரும்பும். பிரஸ்ஸின் சுமையைக் காட்டும் டன்னேஜ் மானிட்டரில் ரிவர்ஸ் லோடையும், அதாவது இந்த உதறலின் சுமையையும் பாருங்கள். பல மெக்கானிக்கல் பிரஸ்கள் தம் திறனில் 10 முதல் 20 சதவீதம்தான் ரிவர்ஸில் தாங்கும். தகட்டைக் குத்தி வெட்டும் பஞ்சின் முகத்தில் கொஞ்சம் சாய்வு கொடுத்தாலே உதறல் அடங்கும்.

அடுத்தது கிளியரன்ஸ், அதாவது பஞ்சுக்கும் கீழே அதை வாங்கும் டைக்கும் நடுவே விடும் இடைவெளி. பர் (வெட்டிய ஓரத்தில் நீட்டும் பிசிறு) வந்தால் இடைவெளியை இறுக்கு என்பது நம் கையில் ஊறிய பழக்கம். இங்கே அது உதவாது. மைல்டு ஸ்டீலுக்கு ஒரு பக்கம் 0.1 மி.மீ. வைத்த இடத்தில் இதற்கு 0.2 மி.மீ. வரை தேவைப்படும். வெட்டிய விளிம்பை லென்ஸில் பாருங்கள்: மேலே மெல்லிய பளபளப்புப் பட்டை, கீழே சொரசொரப்பு. இந்த ஸ்டீலுக்கு அதுதான் நல்ல விளிம்பு. சொரசொரப்புக்கு நடுவே இரண்டாவதாக ஒரு பளபளப்புக் கோடு தெரிந்தால் கிளியரன்ஸ் இறுக்கம். விரலுக்கு வழவழப்பாக இருக்கும், ஆனால் பிளாஞ்ச் திருப்பும்போது (ஓரத்தை மடிக்கும்போது) அங்கேதான் கீறல் விடும். அப்புறம், வளைக்கும்போது பர் உள்பக்கம் இருக்கட்டும்.

டி2 என்னும் டூல் ஸ்டீலில் செய்த பஞ்சின் ஓரம் உதிர்ந்தால் இன்னும் ஹார்ட்னஸ் ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றினால் இன்னும் உதிரும். பொடியிலிருந்து செய்யும் பவுடர் மெட்டலர்ஜி ஸ்டீல் விலை அதிகம்தான், ஆனால் அடியைத் தாங்கும் குணம் அதற்கு உண்டு.

இன்னொரு தப்பு டூல் ரூமில் நடப்பதில்லை, ட்ரையலில் நடக்கிறது. டை தயாராகும் முன் பிளாங்க்கை (வளைக்கும் முன் வெட்டும் தகட்டுத் துண்டை) லேசரில் வெட்டிப் பிளாஞ்ச் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு கீறலும் இருக்காது, சரி என்று கையெழுத்தாகிவிடும். டை வந்ததும் அதே டிசைன், அதே தகட்டுச் சுருள், ஆனால் வரிசையாகக் கீறும். டையில் வெட்டும்போது விளிம்பு நசுங்கி இறுகிவிடுகிறது, லேசரில் அந்த நசுக்கல் கிடையாது. லேசரில் ட்ரையல் எடுத்தே ஆக வேண்டுமென்றால், கீறக்கூடிய விளிம்பை மட்டுமாவது ஒரு சின்ன டையில் வெட்டி வளைத்துப் பாருங்கள்.